பாம்பு கடித்தால் கட்டுப் போடலாமா, கூடாதா? வீட்டில் ஒரே வாக்குவாதம்

கடைமடைக்காரன்:

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. போன வாரம் சித்தப்பாவை வரப்பில் வைத்துப் பாம்பு கடித்துவிட்டது, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. ஊசி போட்டு வீட்டுக்கு வந்துவிட்டார், நன்றாக இருக்கிறார். ஆனால் அன்றைக்கு நடந்ததை வைத்து வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை. ஒருவர் துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார், இன்னொருவர் அதை அவிழ்க்கச் சொல்லிச் சத்தம் போட்டார், பெரியம்மா வேப்பிலையை வாயில் கொடுத்துக் கசக்கிறதா இனிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டு அண்ணன் பாம்பை அடித்துச் சாக்கில் போட்டு எடுத்து வருகிறேன் என்று தடியோடு ஓடினார். இத்தனையும் முடிந்துதான் வண்டி கிளம்பியது. மருத்துவமனையில் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டுத் திட்டினார்கள், ஆனால் உடனே அவிழ்க்கவும் இல்லை. அது ஏன் என்று எங்களில் யாருக்கும் புரியவில்லை.

நான் சென்னையில் இருக்கிறேன். அப்பா அம்மா இரண்டு பேரும் தினமும் வயலுக்குப் போகிறவர்கள், அறுவடை நேரத்தில் இருட்டுவதற்கு முன்னால் திரும்ப மாட்டார்கள். கட்டுவதா வேண்டாமா, பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டுமா, 108 வரும்வரை காத்திருப்பதா அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புவதா, இது மூன்றையும் தெளிவாகத் தெரிந்தவர்கள் சொன்னால் போனில் அவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுவேன். தடித்த எழுத்தில் எழுதி நெல் குதிருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடவும் எண்ணம்.

தாமரை_செவிலியர்:

தம்பி, சித்தப்பா பிழைத்து வந்தது பெரிய நிம்மதி. நான் டெல்டா பக்கம் அரசு மருத்துவமனையில் செவிலியர், மழைக்காலத்திலும் அறுவடையிலும் எங்கள் வார்டில் பாம்புக்கடி இல்லாத வாரம் கிடையாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கட்டு வேண்டாம். துண்டு, கயிறு, சேலைக் கிழிசல் எதுவும் வேண்டாம். உங்கள் பகுதியில் வயலில் கடிப்பது பெரும்பாலும் கண்ணாடி விரியன். அதன் விஷம் கடித்த இடத்தில் உள்ள சதையையே அழிக்கும். இறுக்கிக் கட்டினால் விஷம் முழுக்க அந்த ஒரே இடத்தில் தேங்கி, ரத்த ஓட்டமும் நின்று, உயிர் பிழைத்தாலும் கால் போய்விடலாம். சரி, கட்டிவிட்டார்கள் என்றால் ஏன் உடனே அவிழ்க்கவில்லை என்று கேட்டீர்கள் அல்லவா? கட்டுக்குக் கீழே தேங்கிய விஷம் அவிழ்த்த மாத்திரத்தில் மொத்தமாக உடம்புக்குள் பாயும். மூச்சு நின்றாலும் ரத்த அழுத்தம் விழுந்தாலும் சமாளிக்கிற ஏற்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் மருத்துவர் மெதுவாக அவிழ்ப்பார். அதனால் யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் நீங்கள் அவிழ்க்காதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள்.

கடிவாயைக் கத்தியால் கீறுவது இன்னும் மோசம். விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது, கீறின இடம் ஒழுகிக்கொண்டே இருக்கும். வாயால் உறிஞ்சினால் விஷம் வெளியே வராது, பல் ஊசி மாதிரி ஆழத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. ஐஸ் வைப்பது, சுண்ணாம்பு தடவுவது, மிளகு, வேப்பிலை கொடுத்துச் சோதிப்பது இதெல்லாம் நேரத்தைத் தின்கிற வேலை. பயத்தில் நாக்கு உலர்ந்திருப்பவருக்கு வேப்பிலை எப்படி இருந்தால் என்ன, அதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடிபட்டவரை உட்கார வையுங்கள் அல்லது படுக்க வையுங்கள், ஓர் அடிகூட நடக்கவிடாதீர்கள், ஏனென்றால் தசை அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும். கை கால் முறிந்தால் எப்படிக் குச்சி வைத்து அசையாமல் தாங்கிப் பிடிப்போமோ அப்படிப் பிடித்துக்கொள்ளுங்கள், துணி சுற்றினாலும் ஒரு விரல் தாராளமாக உள்ளே போக வேண்டும். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, வாட்ச் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு அவையே கட்டாக மாறிவிடும், நாங்கள் வெட்டி எடுக்க வேண்டி வருகிறது. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பேனா இருந்தால் வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று தோலிலேயே ஒரு கோடு போட்டு நேரத்தை எழுதிவிட்டால் எங்களுக்கு அது பெரிய உதவி. வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபன் வகை மாத்திரை கொடுக்காதீர்கள், சாராயம் வாயில் ஊற்றவே கூடாது. வாந்தி எடுத்தால், மயக்கமாக இருந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

பாம்பைத் தேடிப் போகாதீர்கள். நம் ஊரில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்கும்தான், நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். எது கடித்தது என்று தெரியாவிட்டாலும் அறிகுறியைப் பார்த்து ஊசி போட முடியும். தற்செயலாகத் தூரத்திலிருந்து ஒரு போட்டோ கிடைத்தால் சரி. அடித்த பாம்பைக் கையில் எடுக்கவே கூடாது, செத்த பாம்பும் கொஞ்ச நேரத்துக்கு அனிச்சையாகக் கடிக்கும்.

பச்சிலை_நேசன்:

எல்லாம் சரி, ஆனால் எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருந்தார், சிறியாநங்கை மூலிகை கொடுத்து, மந்திரம் சொல்லிப் பாடம் போட்டு, எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறார். அவரிடம் போனவர்கள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள். ஊசி வருவதற்கு முன்னால் மக்கள் வாழவில்லையா? நம் வைத்தியத்தை இப்படி ஒரேயடியாகத் தள்ளுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

தாமரை_செவிலியர்:

ஐயா, அந்தப் பெரியவர் காசு வாங்காமல் நல்ல மனதோடு செய்திருப்பார், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பு இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மனிதனைக் கொல்லும் விஷம் கிடையாது. சாரையும் தண்ணீர்ப்பாம்பும் கடித்து வந்தவர் பச்சிலை சாப்பிட்டாலும் பிழைப்பார், சாப்பிடாவிட்டாலும் பிழைப்பார். நல்ல பாம்போ விரியனோ கடித்தால்கூடச் சில சமயம் விஷத்தை இறக்காமல் வெறும் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போகும். இந்த இரண்டு வகையும்தான் பெரியவர் கணக்கில் சேர்கிறது. நிஜமாகவே விஷம் ஏறியவர் அங்கே இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, கண் சொருகிய பிறகு எங்களிடம் வருகிறார், அவர் இறந்தால் மருத்துவமனையில் இறந்ததாகத்தான் ஊர் பேசும்.

நம் அறிவு என்றால் பாம்பு விஷயத்தில் இருளர் பழங்குடி மக்களை மிஞ்சிய ஆள் யார்? அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது, மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துத்தான் இந்த ஊசி மருந்தைச் செய்கிறார்கள். 2023இல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தது இந்தத் தொழிலுக்காகத்தான். எங்கள் வார்டில் ஏற்றுகிற ஒவ்வொரு குப்பிக்குப் பின்னாலும் நம் ஊர்க்காரர் ஒருவருடைய கைத்திறமை இருக்கிறது, நான் அதை அப்படித்தான் பார்க்கிறேன்.

சைரன்:

108 வண்டியில் வேலை பார்க்கிறேன், காத்திருப்பதா கிளம்புவதா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். முதலில் 108க்குப் போன் செய்யுங்கள், பாம்புக்கடி என்று எடுத்த எடுப்பில் சொல்லுங்கள். ஊர்ப் பெயர் மட்டும் போதாது, ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர் இருக்கும், தாலுகா, பக்கத்தில் உள்ள பெரிய ஊர், கோயிலோ ரேஷன் கடையோ ஏதாவது அடையாளம் சொல்லுங்கள். வயலில் இருந்தால் கட்டிலில் வைத்துத் தூக்கித் தார்ச்சாலைக்குக் கொண்டு வாருங்கள், எங்கள் வண்டி வாய்க்கால் கரையில் இறங்க முடியாது. முனையில் ஒரு ஆள் டார்ச்சோடு நின்றால் நாங்கள் தேடுகிற நேரம் மிச்சம்.

வண்டி தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். கார், ஆட்டோ, சரக்கு வண்டி எதுவானாலும் கிளம்பி வந்து எதிரில் எங்களிடம் மாற்றிக்கொள்ளலாம், போனில் பேசி இடத்தை முடிவு செய்தால் போதும். பைக் தவிர வேறு வழியில்லை என்றால் கடிபட்டவரை நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டு வரலாம். அவரையே ஓட்டவிடாதீர்கள். நான் பார்த்தவரை நிறையப் பேர் எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லித் தானே வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறார்கள், பாதி வழியில் கண் இருட்டி விழுகிறார்கள்.

கடைமடைக்காரன்:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. இதைப் படித்துக் காட்டியதும் பெரியம்மாவே வேப்பிலைப் பேச்சை விட்டுவிட்டார். இன்னொரு சந்தேகம். கடித்ததே தெரியாமல் தூக்கத்தில் இறந்துபோவார்கள் என்று அம்மா சொல்கிறார், வெயில் காலத்தில் எல்லாரும் திண்ணையில் பாய் போட்டுத்தான் படுக்கிறார்கள். அப்படி நடக்குமா? யூடியூபில் ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் கால் முழுக்க பேண்டேஜ் சுற்றச் சொல்கிறாரே, அதைச் செய்யலாமா?

தாமரை_செவிலியர்:

அம்மா சொல்வது உண்மை, அதுதான் கட்டுவிரியன். பெயரில் விரியன் என்று இருந்தாலும் இது விரியன் குடும்பம் இல்லை, இதன் விஷம் நரம்பைத்தான் தாக்கும். இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், பல் தடம் கொசுக்கடி போலக்கூடத் தெரியாது, வலியும் வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்திருப்பார்கள், வாயுக்கோளாறு என்று நினைத்து சோடாவும் ஓமத்தண்ணீரும் கொடுப்பார்கள். அப்புறம் கண் இமை திறக்க முடியாமல் தொங்கும், பேச்சு குழறும், எச்சிலை விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை நின்றுவிடும். தரையில் படுத்து எழுந்தவருக்கு வயிற்றுவலியோடு இமை தொங்கினால் கடித்த தடம் தேடிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள். இந்த விஷம் நரம்பு முனையைக் கெடுத்த பிறகு ஊசியால் அதை மீட்க முடியாது, அதனால் சீக்கிரம் போடுவதுதான் முக்கியம்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். கட்டுவிரியன் கடித்தவருக்குக் கை கால் அசையாது, கண்மணிகூட வெளிச்சத்துக்குச் சுருங்காது, பார்த்தால் இறந்தவர் போலவே இருப்பார், ஆனால் பக்கத்தில் பேசுவது காதில் விழுந்துகொண்டிருக்கலாம். வென்டிலேட்டரில் வைத்தால் சில நாட்களில் எழுந்து நடந்து போகிறார்கள். வழியில் மூச்சு நின்றால் முடிந்துவிட்டது என்று வண்டியைத் திருப்பாமல் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே வாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசியைப் போட்டுவிட்டு வென்டிலேட்டர் இருக்கிற இடத்துக்கு அனுப்புவார்கள், உங்களுக்குத் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அனுப்புகிறார்களே என்று சண்டை போடாமல் ஏறிவிடுங்கள்.

ஆஸ்திரேலியா விஷயம்: அங்குள்ள விஷப்பாம்புகள் நரம்பைத் தாக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை, விரியன் குடும்பமே அங்கே கிடையாது. அந்தப் பேண்டேஜ் முறை அதற்காக ஏற்பட்டது. இங்கே எது கடித்தது என்று தெரியாமல் சுற்றி, அது கண்ணாடி விரியன் கடியாக இருந்தால் சதை அழுகிப்போகலாம். அதுவும் வேண்டாம்.

வரப்பு_மேட்டார்:

விவசாயிதான் நானும். கடித்த பிறகு செய்வதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், கடிக்காமல் இருக்க எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் முழங்கால்வரை வருகிற ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும், டார்ச்சும் தடியும் இல்லாமல் இறங்கக் கூடாது. வைக்கோல் போரிலோ விறகு அடுக்கிலோ கையை நேராக விடக் கூடாது, முதலில் தடியால் தட்டிப் பார்க்க வேண்டும். எலி இருந்தால் பாம்பு வரும், அதனால் நெல் மூட்டையைப் படுக்கிற அறையில் வைக்காதீர்கள். திண்ணையில் படுத்தால் கயிற்றுக் கட்டிலில் படுங்கள், அது முடியாவிட்டால் கொசுவலை கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் சொருகுங்கள். கட்டுவிரியனுக்கு இதைவிட நல்ல காவல் இல்லை. பெண்கள் விடியலுக்கு முன்னால் வெளியே போவது இன்னும் இருக்கிற ஊர்களில் அவர்கள் கையில் டார்ச் கொடுங்கள், வீட்டில் இருக்கிற ஒரே டார்ச் எப்போதும் ஆண்கள் கையில்தான் இருக்கிறது.

கடைமடைக்காரன்:

இரண்டு கொசுவலையை நாளைக்கே வாங்கி அனுப்புகிறேன். பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போன் செய்து விஷமுறிவு மருந்து இருப்பு இருக்கிறதா என்று கேட்டேன், எப்போதும் வைத்திருக்கிறோம், இரவிலும் மருத்துவர் உண்டு என்றார்கள், அந்த எண்ணையும் சுவரில் எழுதச் சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று. அக்கா மகளுக்கு நான்கு வயது, அடிக்கடி ஊரில்தான் இருக்கிறாள். குழந்தைக்கு அந்த ஊசி தாங்குமா? சித்தப்பாவுக்கே ஏற்றும்போது உடம்பெல்லாம் தடித்துப்போய் நடுக்கம் வந்துவிட்டது.

தாமரை_செவிலியர்:

தாங்கும். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லை. வழக்கமாக முதலில் 8 முதல் 10 குப்பி ஏற்றுவார்கள். குதிரை ரத்தத்திலிருந்து வருவதால் சிலருக்குத் தடிப்பு, நடுக்கம், மூச்சுத்திணறல் வரும். அந்த ஒவ்வாமையை அடக்குகிற அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்போம், கொஞ்ச நேரம் நிறுத்தி மருந்து கொடுத்துவிட்டு மறுபடி தொடர்வோம், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தச் சொல்லாதீர்கள். வந்தவுடன் ஊசி போடவில்லை என்றும் கோபப்படாதீர்கள். கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று சாய்த்துப் பார்ப்போம். உறையாவிட்டால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் வகை விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். விஷம் ஏறியதற்கு எந்த அடையாளமும் இல்லாதவருக்கு ஊசி போடுவதில்லை, ஆனால் 24 மணி நேரம் வார்டில் வைத்துக் கவனிப்போம், குழந்தை ஓடியாடி விளையாடினாலும் அதுவரை வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். தனியார் மருத்துவமனைக்குப் போனாலும் பதிவு செய்தார்களா என்று கேளுங்கள். 2024 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம், எந்த வட்டாரத்துக்கு எத்தனை குப்பி தேவை என்பதை அந்தக் கணக்கு இருந்தால்தான் சரியாகத் திட்டமிட முடியும்.