வெள்ளிக்குள் சொல்லியாக வேண்டும்: நர்சிங்கா, ரேடியோகிராஃபியா?

புதுசா வந்தவள்:
எல்லோருக்கும் வணக்கம். வெளிநாட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. இங்கே ஒரு கல்லூரியில் இரண்டு படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, நர்சிங் ஒன்று, எக்ஸ்ரே பக்கம் ரேடியோகிராஃபி ஒன்று. வெள்ளிக்கிழமைக்குள் எது என்று சொல்லிப் பணம் கட்ட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறும், எந்த வாரம் ராத்திரி வரும் என்று அவருக்கே தெரியாது. பையனுக்கு இரண்டரை வயது, பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. ராத்திரி நான் வீட்டில் இருக்க வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் முக்கியம். மருத்துவத் துறையில் வீட்டையும் பார்த்துக்கொள்கிற மாதிரி எந்த வேலை இருக்கிறது? இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை, யாராவது சொல்லுங்கள்.

நைட் போதும் சாமி:
நர்சிங் வேண்டாம். ஒன்பது வருஷமாக அதில் கிடந்து சொல்கிறேன். எனக்கு முதல் மூன்று மாதம் எப்படிப் போனது தெரியுமா? தொடர்ந்து நான்கு நைட், ஒவ்வொன்றும் பன்னிரண்டரை மணி நேரம். காலை எட்டுக்கு முடிய வேண்டியது, அடுத்த ஷிஃப்டுக்கு ஹேண்ட்ஓவர் கொடுத்து, மருந்து அலமாரிச் சாவியை ஒப்படைத்து, எழுதாமல் விட்டதை எல்லாம் எழுதிவிட்டு வெளியே வரும்போது எட்டே முக்கால். பஸ்ஸில் தூங்கிக் கடைசி நிறுத்தத்தில் டிரைவர் எழுப்பிவிட்டது ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. வீட்டுக்கு வந்து படுத்தால் மதியம் வார்டிலிருந்து போன், இன்றைக்கும் வர முடியுமா என்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலேயே நைட் ஷிஃப்டைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடிய பட்டியலில் சேர்த்தது, 2019இல் திரும்பப் பார்த்துவிட்டும் அதை எடுக்கவில்லை. இதை எந்தக் கல்லூரியும் அட்மிஷன் அன்றைக்குச் சொல்லாது. ரேடியோகிராஃபி எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

மூன்று நாள் ட்யூட்டி:
மேலே எழுதியிருக்கும் அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு இதே நர்சிங்தான் வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்காவில் இருக்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள், பன்னிரண்டு மணி நேரம், மொத்தம் 36. மீதி நான்கு நாள் என்னுடையது. எட்டு மணி நேர வேலைக்கு ஐந்து நாள் போகிறவர்கள் தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம்தான் பிள்ளையைப் பார்க்கிறார்கள். எனக்கு நான்கு முழு நாள். என்ன, ட்யூட்டி நாளில் வீடு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட வேண்டும்.

நைட் போதும் சாமி:
அந்த நான்கு நாளில் ஒன்றரை நாள் தூங்கிக் கழிகிறது, அதையும் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள் தம்பி.

லேப்காரன்:
இரண்டும் வேண்டாம், லேப் பக்கம் வாருங்கள். ஆனால் லேப் என்றால் எல்லாம் ஒன்று இல்லை. ரத்த வங்கி, பயோகெமிஸ்ட்ரி, ஹெமட்டாலஜி மூன்றும் 24 மணி நேரமும் ஓடும். விபத்தில் அடிபட்டு வருகிறவருக்கு ரத்தம் விடிந்ததும் பொருத்திப் பார்க்கலாம் என்று சொல்ல முடியாது. திசு ஆய்வுப் பிரிவு அப்படி இல்லை. வெட்டியெடுத்த சதை முதலில் ஃபார்மலினில் பல மணி நேரம் ஊற வேண்டும், அப்புறம் மெழுகு, அப்புறம் சீவல், சாயம். யார் அவசரப்படுத்தினாலும் அது தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் அங்கே பெரும்பாலும் பகல் வேலைதான். நான் முதல் இரண்டு வருஷம் ரத்த வங்கியில் நைட் பார்த்துவிட்டு மூன்றாவது வருஷம் இந்தப் பக்கம் தாவினேன். தாவ விடாமல் இழுத்தடித்த மேலாளரைப் பற்றி எழுதினால் இந்த இழை போதாது.

வீட்டிலிருந்தே:
யாரும் மெடிக்கல் கோடிங் சொல்லவில்லையே? சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து இன்சூரன்ஸுக்கான குறியீடாக மாற்றுகிற வேலை. நோயாளியே கிடையாது, ராத்திரி கிடையாது, வீட்டிலேயே உட்கார்ந்து செய்யலாம்.

பழைய கோடர்:
சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. கோடிங்குக்கான சிபிசி என்கிற சான்றிதழ்த் தேர்வு பாஸ் செய்தாலும் அனுபவம் காட்டாதவர்களுக்குப் பட்டத்தின் பின்னால் 'ஏ' என்று ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும், கற்றுக்குட்டி என்று அர்த்தம். அந்த எழுத்தோடு முதல் வேலை கிடைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். கிடைத்தாலும் மணிக்கு இத்தனை நோயாளிக் கோப்பு என்று இலக்கு, தணிக்கையில் இத்தனை சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்று கழுத்தில் கத்தி. இரண்டரை வயதுப் பையன் மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஒயரை இழுக்கும்போது அது நடக்காது. வீட்டிலிருந்து வேலை செய்தாலும் பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் வேண்டும்.

மருந்தாளுநர் முன்னாள்:
எல்லோரும் வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள், அதற்கு முன்னால் இருக்கும் காகிதக் கொடுமையை யாராவது பேசுங்கள். கனடாவில் எனக்கு உரிமம் வாங்க வேண்டும். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையில் நேரடியாக அனுப்ப வேண்டும் என்றார்கள். என் பல்கலைக்கழகத்தில் அந்த மேசையில் ஆளே இல்லை, ஆள் வந்தபோது முத்திரை இல்லை, எல்லாம் சேர்ந்து வந்து சேர்வதற்குள் என் ஆங்கிலத் தேர்வு காலாவதியாகிவிட்டது. இரண்டு வருஷம்தான் செல்லும் அது. திரும்பவும் எழுதினேன். எட்டு வருஷம் மருந்துக் கடை நடத்தினவன், முதல் குளிர்காலம் முழுக்கக் கிடங்கில் பெட்டி அடுக்கினேன்.

லேப்காரன்:
கேட்டால் உள்ளூர் அனுபவம் வேண்டும் என்பார்கள். வேலை கொடுத்தால்தானே உள்ளூர் அனுபவம் வரும்.

மூன்று நாள் ட்யூட்டி:
கவலைப்படாதீர்கள் அண்ணா, ஆள் பற்றாக்குறை என்று வாரம் ஒரு அறிக்கை மட்டும் தவறாமல் வரும்.

எக்ஸ்ரே அக்கா:
எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பெண் வெள்ளிக்கிழமை முடிவு சொல்ல வேண்டும், இங்கே கச்சேரி நடக்கிறது. 

முதலில் ஒரு திருத்தம். ரேடியோகிராஃபி என்றால் ஒன்பது முதல் ஐந்து என்று யாரும் நினைக்க வேண்டாம். அவசரப் பிரிவு இருக்கும் இடத்தில் சிடி ஸ்கேன் அறை ராத்திரி முழுக்க ஓடும். பக்கவாதம் வந்தவருக்கு முதலில் அந்த ஸ்கேன்தான், அது இல்லாமல் மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியாது. பதினாறு வருஷத்தில் நான் பார்த்த நைட் கொஞ்சநஞ்சம் இல்லை. ரேடியோகிராஃபியிலேயே இன்னொரு பிரிவு, புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் ரேடியோதெரபி, அது வேறு கதை. சிகிச்சையைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்துப் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை கொடுப்பார்கள், ராத்திரி யாரையும் கூப்பிட்டு வைத்துக் கொடுக்க மாட்டார்கள். தண்டுவடம் நசுங்குகிற மாதிரி அவசரம் வந்தால் சனி, ஞாயிறு ஆன்-கால், அதாவது கூப்பிட்டால் வர வேண்டிய ட்யூட்டி உண்டு, அவ்வளவுதான். கதிரியக்க மருந்தை உடலில் செலுத்திப் படம் எடுக்கும் நியூக்ளியர் மெடிசினும் பகல் வேலைதான், ஆனால் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். அங்கே அதிகம் பயன்படும் டெக்னீஷியம்-99எம் என்கிற கதிரியக்கப் பொருள் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், மருந்து சாயங்காலம் வரை காத்திருக்காது. 

பாருங்கள், பட்டத்தின் பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்த நோயாளி நாளைக் காலை வரை காத்திருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். காத்திருப்பார் என்றால் உங்களுக்கு ராத்திரி தூக்கம் உண்டு.

இப்போது நீங்கள் சொல்லுங்கள் தங்கச்சி. எந்த நாடு? எந்த விசா? கிடைத்திருக்கும் ரேடியோகிராஃபி இடம் படம் எடுக்கிறதா, கதிர் கொடுக்கிறதா? இதற்கு முன் என்ன படித்தீர்கள்? இதில் ஒன்றையும் எழுதாமல் எங்களை அடித்துக்கொள்ள விட்டுவிட்டீர்கள்.

புதுசா வந்தவள்:
மன்னிக்கணும் அக்கா, பதற்றத்தில் எழுதவில்லை. இங்கிலாந்து. இவர் வேலை விசா, நான் அவரைச் சார்ந்து வந்த டிபெண்டன்ட். படம் எடுக்கிற படிப்புதான். பி.எஸ்சி. நர்சிங் முடித்து மூன்று வருஷம் ஐசியூவில் இருந்தேன், ஆனால் இங்கே அது செல்லாது, முதலிலிருந்துதான் படிக்க வேண்டும் என்று இவருடைய நண்பர் சொன்னார். அதனால்தான் அதை எழுதவில்லை.

லேப்காரன்:
அட கடவுளே.

நைட் போதும் சாமி:
பணம் கட்டாதே தங்கச்சி! நான் மேலே எழுதியதில் பாதியை அழித்துவிடலாம். நர்சாக வரப்போகிறவள் என்று நினைத்து எழுதினேன், நீ ஏற்கனவே நர்ஸ்.

ஓபி சிஸ்டர்:
நானும் இங்கிலாந்துதான். அந்த நண்பர் சொன்னது தப்பு. வெளிநாட்டில் படித்த நர்சுகளை இங்கே நர்சுகளுக்கான பதிவு அமைப்பான என்எம்சி பதிவு செய்கிறது, அதற்குத் தனி வழி இருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஓஇடி அல்லது ஐஇஎல்டிஎஸ் தேர்வு. ஐஇஎல்டிஎஸ் என்றால் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7. அப்புறம் சிபிடி என்கிற கணினித் தேர்வு, கடைசியில் ஓஎஸ்சிஇ என்கிற செய்முறைத் தேர்வு, பத்து நிலையங்கள், பொம்மைக்கும் நடிக்க வந்த நோயாளிக்கும் முன்னால் செய்து காட்ட வேண்டும். ஐசியூவில் இருந்தவளுக்கு வேலை கஷ்டமில்லை, அவர்கள் எதிர்பார்க்கும் வரிசையில் வாய்விட்டுச் சொல்லிச் செய்வதுதான் கஷ்டம். நான் முதல் தடவை கை கழுவியதைச் சொல்லாமல் விட்டுத் தோற்றேன். டிபெண்டன்ட் விசாவில் நர்சாக வேலை பார்க்கத் தடையில்லை. மூன்று வருஷம் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்டிப் படிப்பதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் ராத்திரி விஷயம். பதிவு வந்ததும் வார்டைத் தேடாதீர்கள். அறுவைக்கு முந்திய பரிசோதனை கிளினிக், ஓபி, ஜிபி பிராக்டிஸ் என்கிற குடும்ப மருத்துவர் கிளினிக், குழாய் கேமரா விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, இதெல்லாம் பகல் வேலை. டயாலிசிஸ் நிலையங்களில் பெரும்பாலும் ஞாயிறு விடுமுறை, நோயாளிக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் என்று கடிகாரம் மாதிரி ஓடும். ஆனால் காலையில் முதல் அணி நோயாளிகளுக்கு விடிவதற்கு முன்பே தொடங்கும், பையனை அந்த நேரத்தில் யாரிடம் விடுவீர்கள் என்று யோசியுங்கள்.

நைட் போதும் சாமி:
எண்டோஸ்கோபியில் ரத்தக் கசிவுக்கு ஆன்-கால் உண்டு, எழுதாமல் விட்டீர்களே.

ஓபி சிஸ்டர்:
பெரிய ஆஸ்பத்திரியில் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் நேர்காணலில் நீங்களும் கேள்வி கேட்க வேண்டும். "ஷிஃப்ட் எப்படி" என்று கேட்டால் இனிப்பாகத்தான் பதில் வரும். போன இரண்டு மாத ரோஸ்டரை, அதாவது ட்யூட்டி அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை வாரம் முன்னதாக வெளியிடுகிறார்கள், ஒருவர் வராவிட்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள், ஆன்-கால் மாதம் எத்தனை என்று கேளுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து வேலையில் சேர்ந்த முதல் நாளே நெகிழ்வு நேரம் கேட்க உங்களுக்குச் சட்ட உரிமை உண்டு. காரணம் காட்டி அவர்கள் மறுக்கலாம், ஆனால் இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒன்றை மறைக்க மாட்டேன், இந்தப் பகல் வேலைகளுக்கு நிறையப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், முதல் வேலையாகவே கிடைக்கும் என்று உறுதி இல்லை. எனக்கு ஒரு வருஷம் வார்டு ஆனது. பகுதி நேரமாக எடுத்தால் ராத்திரி ஷிஃப்டுகளைக் குறைக்கலாம்.

புதுசா வந்தவள்:
அழுதுகொண்டே படிக்கிறேன், நன்றி. கல்லூரிக்கு வேண்டாம் என்று நாளைக்கே எழுதிவிடவா?

எக்ஸ்ரே அக்கா:
வேண்டாம் என்று எழுதாதீர்கள். அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் கதவு திறந்தே கிடக்கட்டும்.

மருந்தாளுநர் முன்னாள்:
நான் புலம்பியதற்கு ஒரு பயன் இருக்கட்டும். உங்கள் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா?

புதுசா வந்தவள்:
சான்றிதழில் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக.

மருந்தாளுநர் முன்னாள்:
எனக்கு ஐந்து மாதம் போனது அதில்தான். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் இப்போதே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத் தேர்வுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மட்டும் பதியுங்கள். நீங்கள் நர்சிங் படித்த கல்லூரி, அந்த ஊர் நர்சிங் கவுன்சில் இரண்டுக்கும் இன்றைக்கே மெயில் போடுங்கள், அங்கே மேசையில் ஆள் இருக்கும்போதே.

புதுசா வந்தவள்:
பையன் தூங்கிவிட்டான். மெயில் எழுத உட்கார்ந்துவிட்டேன் அண்ணா.