கேமரா லென்ஸைக் கழற்றிவிட்டு உயிரணு (செல்) பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பிக்சல்பித்தன்:
மைக்ரோஸ்கோப் இல்லாமல், கேமரா சென்சார் மேலேயே மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பை (முடியளவு மெல்லிய கால்வாய்களில் திரவம் ஓடும் சிறு தகடு) வைத்து செல்களைப் படம் பிடித்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். நான் வைத்திருப்பது ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினிக்கான கேமராவின் இரண்டாம் பதிப்பு. அதன் சோனி சென்சாரில் ஒரு பிக்சல் 1.12 மைக்ரோமீட்டர், ஈஸ்ட் செல் ஒன்றுக்கு நாலைந்து பிக்சல் கிடைக்கும். ஆனால் உண்மையான லாபம் பரப்பில்தான். மைக்ரோஸ்கோப்பின் 40 மடங்கு ஆப்ஜெக்டிவ் லென்ஸில் அரை மில்லிமீட்டர் அகலம் தெரிந்தாலே பெரிது. இங்கே சுமார் 10 சதுர மில்லிமீட்டர் ஒரே படத்தில் வருகிறது.

லென்ஸைக் கழற்றுவது சுலபம். தலைவலியெல்லாம் செல்லுக்கும் பிக்சலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான். சுவரை ஒட்டிக் கை வைத்தால் நிழல் கூர்மையாக விழும், விலக விலக மங்கிப்போகும் இல்லையா, அதே கதை. பிடிஎம்எஸ் (ஒளி புகும் சிலிக்கோன் ரப்பர்) சிப்பை வழக்கமான கண்ணாடி ஸ்லைடில் ஒட்டினால் கண்ணாடி மட்டுமே 1 மில்லிமீட்டர். படத்தில் செல்லைக் காணோம், வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள்தான். அதைவிட மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பில் ஒட்டியும் வளையம் போகவில்லை.

சரி, போகாவிட்டால் இருக்கட்டும் என்று அதையே பயன்படுத்த ஆரம்பித்தேன். 1948-இல் இயற்பியலாளர் டென்னிஸ் கேபர் சொன்ன ஹாலோகிராம் இதுதானே, பொருளில் பட்டுச் சிதறிய ஒளியும் நேராக வந்த ஒளியும் கலந்து உண்டாக்கும் வளையப் பதிவு. எல்.இ.டி.க்கு முன்னால் 100 மைக்ரோமீட்டர் ஊசித்துளை, சில சென்டிமீட்டர் உயரம். பதிவான வளையங்களிலிருந்து ஒளி வந்த வழியைக் கணினியில் பின்னோக்கிக் கணக்கிட்டால், சரியான தூரத்தில் செல்லின் விளிம்பு பளிச்சென்று கூடிவருகிறது. கூடவே ஒரு மங்கல் நிழலும் ஒட்டிக்கொண்டு வரும், இரட்டைப் பிம்பம். ஒன்று மட்டும் சொல்கிறேன், ஜேபெக்கில் சேமிக்காதீர்கள். வெளி வளையங்கள் மிக மெலிதானவை, கோப்பைச் சுருக்கும்போது முதலில் காணாமல் போவது அவைதான். சென்சார் தருவதை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுங்கள். இது கலர் சென்சார், பிக்சல்கள் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டி இருக்கும்; பச்சை விளக்கு போட்டால் நாலுக்கு இரண்டு பிக்சல்தான் ஒழுங்காகப் பதிவு செய்யும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஆய்வக ஆந்தை:
நாங்கள் நேர் எதிர்வழி, இடைவெளியே வேண்டாம் என்ற கட்சி. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் சாங்ஹுவே யாங் குழு 2011-இல் காட்டிய இ-பெட்ரி தெரியும்தானே? கைப்பேசிக் கேமராவின் சென்சார் மேலேயே செல் வளர்த்தார்கள், விளக்குக்குக் கைப்பேசித் திரை, தாங்கிக்கு லெகோ கட்டைகள். படிக்க விளையாட்டு மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் சென்சாரின் ஓரத்தில் முடியைவிட மெல்லிய கம்பிகள் நிற்கும்; ஒன்று அறுந்தாலும் சென்சார் குப்பைக்குத்தான். எபாக்ஸி பசையால் அவற்றை மூடிவிட்டுத்தான் மற்ற வேலை. அப்புறம் சூடு. சென்சார் ஓட ஓடச் சூடாகும், அதன் மேலேயே செல் உட்கார்ந்திருக்கிறது. செல் வளர்க்கும் வெதுவெதுப்பான பெட்டியான இன்குபேட்டருக்குள் வைத்தால் செல்லுக்கான ஊட்டத் திரவம் வற்றும், குமிழி வரும். நாங்கள் இப்போது படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கிறோம்.

நீர்த்துளி:
பித்தன் அண்ணா, ஓடும் செல்லைப் படம் எடுத்தீர்களா, நின்ற செல்லையா? பை கேமராவில் ரோலிங் ஷட்டர், வரிசை வரிசையாகத்தான் படிக்கும். வேகமாக ஓடினால் உருண்டைச் செல் சாய்ந்த முட்டையாக விழும். விளக்கைத் தொடர்ந்து எரியவிடாமல், எல்லா வரிசையும் திறந்திருக்கும் அந்தச் சிறு நேரத்தில் மட்டும் மின்னவிட்டேன், சாய்வு போய்விட்டது.

சிப்புக்குள் திரவத்தைத் தள்ளும் சிரிஞ்சு பம்ப் மெதுவான ஓட்டத்தில் தட்டித் தட்டித்தான் தள்ளும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குழாயைக் கொஞ்சம் உயரத்தில் தொங்கவிட்டேன், புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது. இன்னொரு வசதி: செல் நகரும், தூசி நகராது. பல படங்களின் சராசரியைக் கழித்தால் தூசியும் சென்சார் கீறலும் போய்விடும்.

ரத்தச் சிவப்பணுக்கள் 7, 8 மைக்ரோமீட்டர் இருப்பதால் எண்ணுவதற்குக் குறையில்லை. உள்ளே மலேரியா ஒட்டுண்ணி இருக்கிறதா என்று கேட்டால், நான் இன்னும் ஆயில் இம்மர்ஷனுக்குத்தான் (லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே எண்ணெய் விட்டுப் பார்க்கும் மைக்ரோஸ்கோப் முறை) போவேன்.

பிக்சல்பித்தன்:
ஈஸ்ட்டை நிறுத்தித்தான் எடுத்தேன், தம்பி. குழாயைத் தொங்கவிட்டுப் பார்க்கிறேன். சிப்பில் கால்வாயின் (சேனல்) ஆழம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?