பூச நடைக்கு வெறுங்காலா, ஷூவா? முதுகுல பை ஏறுனதும் நடையே மாறிப்போகுதே

செக்காலைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஊரு காரைக்குடி, வேலை சென்னையில, வயசு 36. வர்ற தைப்பூசத்துக்கு முதல் தடவையா குன்றக்குடியில இருந்து பழனிக்கு நடக்குறதா வேண்டிக்கிட்டிருக்கேன். எங்க அப்பத்தா பதினோரு வருஷம் நடந்தவுக, வெறுங்காலு, தோள்ல ஒரு மஞ்சப்பை, அம்புட்டுத்தான். நான் போன ஞாயித்துக்கிழமை பழகிப் பாக்கலாம்னு விடியக்காலை நாலரைக்குக் கிளம்பி பிள்ளையார்பட்டி போயிட்டுத் திரும்புனேன், போக வர 25 கிலோமீட்டர் இருக்கும். புது ரன்னிங் ஷூ, முதுகுல பேக், ரெண்டு செட் துணி, போர்வை, மூணு லிட்டர் தண்ணி, பவர் பேங்க் எல்லாம் சேத்து 9 கிலோ.

போறப்ப ஒண்ணும் தெரியல. திரும்புறப்போ தொடை முன்பக்கம் கல்லு மாதிரி இறுகிருச்சு, ரெண்டு தோளும் எரிச்சல், இடது கை விரல் மரத்துப்போச்சு. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழட்டுனா வலது கட்டைவிரல் நகம் கருத்துக் கிடக்கு. கூட வண்டியில வந்த தம்பி பக்கவாட்டுல இருந்து வீடியோ எடுத்திருந்தான், அதைப் பாத்துட்டுத்தான் இதை எழுதுறேன். இடுப்புக்கு மேல உடம்பு முன்னாடி சாஞ்சு, கழுத்து நீண்டு, கை ரெண்டும் வாரைப் பிடிச்சுக்கிட்டு... அது என் நடையே இல்ல. கடைசி ரெண்டு கிலோமீட்டர் பேக்கை அவன்கிட்ட குடுத்துட்டு ஷூவையும் கழட்டிட்டு ரோட்டோர செம்மண்ல நடந்தேன், நான் நினைக்காமலே எட்டு சின்னதாயிருச்சு, குதிகால் தொம்முனு விழுகுறதும் நின்னுபோச்சு.

ஏன் இப்படி மாறுது? வெறுங்கால்ல போறதா, ஷூவா, செருப்பா? பையை எப்படித் தூக்குறது? நடந்தவுக, தெரிஞ்சவுக சொல்லுங்க.

தேவகோட்டை பிசியோ:

தம்பி, வீடியோ எடுத்தது ரொம்ப நல்ல காரியம். பாரம் முதுகுக்குப் பின்னாடி ஏறுனதும் உடம்போட எடை மையம் பின்னாடி போயிருது. நிமிந்தே நின்னா மல்லாக்கச் சாயணும், அதுனால உடம்பு தன்னால முன்னாடி சாயுது, அப்புறம் ரோட்டைப் பாக்கணுமேன்னு தலையைத் தூக்குறீங்க, பிடரி இறுகுது. பாரத்தோட கால் ஊனுறப்ப முட்டி வழக்கத்தைவிட கொஞ்சம் கூட மடங்கும், அந்த மடிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது தொடை முன்பக்கச் சதைதான், ஒரு கிலோமீட்டருக்கு 1300, 1400 எட்டு வைக்கிறீங்க, 25 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க, இறுகாம என்ன செய்யும்?

இன்னொண்ணு பலபேரு கவனிக்கிறதில்ல. சும்மா நடக்குறப்ப தோளும் இடுப்பும் எதிரெதிரா லேசாத் திரும்பும், வலது கால் முன்னாடி போனா இடது கை முன்னாடி வரும், அதுதான் நடையைச் சமமா வச்சிருக்கு. முதுகுல பை ஏறி கையும் வாரைப் பிடிச்சுக்கிட்டா அந்தத் திருப்பம் குறைஞ்சுபோகுது, எட்டு குட்டையாகுது, ரெண்டு காலும் ஒண்ணா தரையில இருக்குற நேரம் கூடுது. விரல் மரத்தது வார் தோள்ல அழுத்தி கைக்குப் போற நரம்பை நெருக்குனதால இருக்கும். இடுப்பு வார் உள்ள பையா வாங்கி, அதை இடுப்பெலும்பு மேல நல்லா இறுக்கிக் கட்டுங்க, பாரத்துல பெரும்பங்கு இடுப்புக்கு இறங்கிரும். கனமான சாமான், முக்கியமா தண்ணி, முதுகை ஒட்டி இருக்கணும், துணியெல்லாம் வெளிப்பக்கம்.

எடைக்கு ஒரு அளவுகோல் வேணும்னா, பள்ளிக்கூடப் பிள்ளைங்க பைக்கு 2020-ல மத்திய அரசு போட்ட கொள்கையில உடம்பு எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல கூடாதுன்னு இருக்கு. நீங்க பெரிய ஆளுதான், ஆனா நாள் பூரா, நாள் கணக்கா நடக்கப் போறீங்க, அதுக்குள்ளயே வச்சுக்கங்க.

நகம் கருத்தது, உடம்பு முன்னாடி சாய்றதால ஒவ்வொரு எட்டுலயும் பாதம் ஷூக்குள்ள முன்னாடி வழுக்கி விரல் முட்டியிருக்கு. நடக்க நடக்கக் கால் வீங்கவும் செய்யும். சாயங்காலமாப் போய் வாங்குங்க, விரலுக்கு முன்னாடி ஒரு கைப் பெருவிரல் அகலம் இடம் இருக்கணும், லேஸை கடைசி ஓட்டை வரைக்கும் போட்டு கணுக்கால்ல பிடிக்கிற மாதிரி கட்டுங்க.

பதினேழாவது நடை:

தம்பி, நான் 16 பூசம் நடந்து முடிச்சவன், பிசியோ தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி, ஒரே ஒரு விஷயத்துல என் அனுபவத்தையும் சொல்லிடுறேன். வெறுங்கால்தான் நம்ம வழக்கம், அதுல ஞாயமும் இருக்கு. ஷூ போட்டா அடியில மெத்தை இருக்குல்ல, குதிகாலை எப்படி அடிச்சாலும் வலிக்காது, அதுனால எட்டை நீட்டி நீட்டி வைப்போம். வெறுங்கால்ல அப்படி வச்சா அடுத்த நிமிஷமே தெரிஞ்சிரும், அதான் எட்டு குறுகுது, பாதம் தட்டையா இறங்குது, வேகமா சின்னச் சின்னதா வைப்போம். நீங்க செம்மண்ல கண்டது அதுதான்.

ஆனா பழகாத காலை திடீர்னு ரோட்டுல இறக்காதீங்க. என் முதல் வருஷம் நத்தம் தாண்டி கோபால்பட்டிகிட்ட பதினோரு மணி வெயில்ல தார் உருகுற சூடு, உள்ளங்கால் தோல் வட்டமா உப்பி, ராத்திரி தங்குன எடத்துல காலைக் கீழ ஊன முடியாம முழங்கால் போட்டுத் தவழ்ந்துதான் வாளித் தண்ணிகிட்ட போனேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஐப்பசியில இருந்தே தினம் கொஞ்சம் கொஞ்சமா வெறுங்கால்ல நடந்து காய்ப்பு ஏத்துறேன். வெயில் ஏறுறதுக்குள்ள அன்னிக்கு நடையில முக்காவாசியை முடிச்சிரணும், விடியக்காலையிலயும் ராத்திரியிலயும்தான் நடை.

இன்னொரு விஷயம், ரோடு நடுவுல மேடா ரெண்டு ஓரமும் சரிஞ்சு இருக்கும். ஒரே ஓரமா நாள் பூரா நடந்தா ஒரு கால் மேட்டுல, ஒரு கால் பள்ளத்துல, இடுப்பு கோணிப்போகும். எனக்கு இடது இடுப்பு ரெண்டு வருஷம் வலிச்சதுக்கு அதுதான் காரணம்னு பின்னாலதான் புரிஞ்சுச்சு. மண் தடம் சமமா கிடைச்ச எடத்துல எல்லாம் அதுல இறங்கிருங்க. பை விஷயம், நம்ம கூட்டத்தோட சாமான் வண்டி வரும், போர்வை துணியெல்லாம் அதுல போட்டுருங்க. 150 கிலோமீட்டர் சொச்சம், ரெண்டு லட்சம் எட்டுக்கு மேல, ஒரு கிலோ குறைஞ்சாலும் உசுரு மிச்சம்.

பிசியோ மறுபடி:

அண்ணே சொன்ன காய்ப்பு விஷயம் உண்மை, மாசக்கணக்குல வர்றது அது. காய்ப்பு தடிச்சா தரை உணர்வு போயிரும்னு நானும் முன்னாடி நினைச்சிருக்கேன், 2019-ல நேச்சர் இதழ்ல கென்யா ஆளுங்களை வச்சுச் செஞ்ச ஆய்வு வந்துச்சு, காய்ப்பு தடிச்சாலும் உணர்வு குறையலன்னு. ஷூவோட மெத்தை அப்படி இல்ல, தரையை மறைச்சிரும். நம்ம நாட்டுலயே மணிப்பால் டாக்டருங்க 1992-ல 2300 பிள்ளைங்களோட கால் தடத்தைப் பாத்ததுல, காலணி போடுற பிள்ளைங்கள்ல 8.6 சதவீதத்துக்குத் தட்டைப்பாதம், போடாததுங்கள்ல 2.8 தான்.

ஆனா தம்பிக்கு இன்னும் மூணு மாசம் கூட இல்ல. அதுனால லேசான, பின்வார் உள்ள சேண்டல் நல்லது. லேசானன்னு சொல்றது முக்கியம், காலில் ஏறுற எடை முதுகுல ஏறுற அதே எடையைவிட நாலஞ்சு மடங்கு சக்தியைத் தின்னும், ஒவ்வொரு எட்டுக்கும் அதைத் தூக்கி வீசணும்ல. ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், அது கழண்டு போகாம இருக்க விரலை மடக்கிப் பிடிச்சுக்கிட்டே நடக்கணும், முன்னங்கால் சதை ஓஞ்சு போகும்.

பள்ளத்தூர் பொண்ணு:

இதைப் படிக்கிறவுக வீட்ல சர்க்கரை உள்ளவுக இருந்தா தயவுசெஞ்சு கேளுங்க. எங்கப்பா நாலு வருஷத்துக்கு முன்னாடி வெறுங்கால்ல நடந்தாக. வேண்டுதல்னு சொன்னதும் நாங்களும் தடுக்கல. திரும்பி வந்த ரெண்டாம் நாள் முகப்புல ஆத்தங்குடிக் கல்லு தரையைத் துடைச்சுக்கிட்டிருந்தேன், வெள்ளைப் பூ போட்ட கல்லு மேல எல்லாம் ஒத்தைக் கால் தடத்துக்கு மட்டும் பழுப்பா ஒரு கறை. காலைத் தூக்கிப் பாத்தா சீமைக்கருவேல முள்ளு ஒடிஞ்சு உள்ளயே இருக்கு, சுத்தி சீழ். அவுகளுக்கு வலியே தெரியல. ஒரு விரலை எடுக்க வேண்டியதாப்போச்சு. இப்ப எம்சிஆர் செருப்பு (சர்க்கரைக்காரவுகளுக்குன்னு மெத்துனு ரப்பர்ல செய்யுறது) போட்டுத்தான் வீட்டுக்குள்ளகூட நடக்குறாக. காலில் உணர்வு குறைஞ்சவுக வெறுங்கால்ல போகவே கூடாது, முருகன் கோவிச்சுக்க மாட்டான்.

செக்காலைக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆச்சி, உங்க அப்பா பத்தி படிச்சதும் எங்க அம்மானுக்கு போன் போட்டேன், அவருக்கும் பத்து வருஷமா சர்க்கரை, அவரும் இந்தத் தடவை வர்றேன்னு இருந்தாரு. சேண்டலோட வர ஒத்துக்கிட்டாரு, சாயங்காலம் சாயங்காலம் காலைப் பாத்துவிடுறது என் பொறுப்பு.

நேத்து மறுபடி அதே தடத்துல நடந்தேன். பை 3 கிலோ, இடுப்பு வார் இறுக்கி, கையை வீசி விட்டு. லேசான சேண்டல், நடுவுல ரெண்டு கிலோமீட்டர் மட்டும் வெறுங்கால். தம்பி மறுபடி வீடியோ எடுத்தான், உடம்பு நேரா இருக்கு. தொடை வலி இல்ல, விரல் மரக்கல. ஆனா கெண்டைக்கால் ரெண்டும் புதுசா வலிக்குது, வெறுங்கால் நடந்ததுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சுச்சு. இது பழகுற வலியா, இல்ல ரெண்டு கிலோமீட்டரே கூடிப்போச்சா?

பிசியோ:

பழகுற வலிதான் தம்பி. ஷூவோட உசந்த குதி இல்லாததால கெண்டைச் சதை கூட நீண்டு வேலை செய்யுது. ரெண்டு நாள் விட்டுட்டு ஒரு கிலோமீட்டர்ல இருந்து ஆரம்பிங்க, வாரத்துக்கு அரை அரையா ஏத்துங்க. குதிகாலுக்குப் பின்னாடி இருக்குற தடிச்ச தசைநாரைத் தொட்டா வலிச்சா மட்டும் நிறுத்திட்டு ஒரு தடவை நேர்ல காட்டுங்க.