கதையில் வரும் அப்பாவுக்கு யோசனை சொல்லுங்கள்

வணக்கம். பாலக்கோடு பக்கம் தக்காளி போடும் ஒரு அப்பாவை வைத்துச் சிறுகதை எழுதுகிறேன். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வீட்டில் டிவி அணைந்துவிடும். மகள் தர்மபுரியில் கல்லூரி படிக்கிறாள். அவளிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனாலும் பாசம் வாசகருக்குத் தெரியவேண்டும். கடைசி பஸ் வரும்வரை, "மோட்டார் போட வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு ஸ்டாப்பில் நிற்பதாக யோசித்தேன். சினிமாத்தனமா இருக்கோ? செத்தபிறகு டைரி கிடைக்கிற முடிவு மட்டும் வேண்டாம், படித்துச் சலித்துவிட்டது.

விலை சரிந்து தக்காளியை ரோட்டோரம் கொட்டும் வாரத்தில் கதை நடக்கிறது. கையில் காசில்லாத நேரத்தில் இப்படிப்பட்டவர் என்ன செய்வார்? விவசாய வீட்டுப் பிள்ளைகள் சொன்னால் நல்லது. அப்புறம், ராயக்கோட்டை மண்டியில் ஏலம் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்?