லைன்ல, மில்லுல, ஆபீஸ்ல: பொம்பள பொறுப்புல இருந்தா என்ன நடக்குது? உங்க அனுபவத்தச் சொல்லுங்க

பிச்சம்பாளையம் லைன்

ரொம்ப நாளா மனசுல கெடக்குதுங்க, இங்க கொட்டீரலாம்னு வந்தேன். நான் லைன் சூப்பர்வைசர், திருப்பூர்ல எக்ஸ்போர்ட் யூனிட்டு, பேரு வேண்டாம். ஷிப்மெண்டுக்கு முந்துன நாளு. நேவி புளூ டி-ஷர்ட்டு. ஓவர்லாக் மெஷின்ல கை ஏத்திட்டு இருக்கறப்ப பாடி ஒரு நெறமா கை ஒரு நெறமா தெரியுது, ஷேடுன்னு சொல்லுவோம், சாயம் போட்ட லாட்டு கலந்து கட்டிங்ல இருந்தே பண்டல் அப்படித்தான் வந்திருக்கு, இங்க இருக்கறவங்க எல்லாம் பாத்திருப்பீங்க. லைன நிறுத்துனேன். கட்டிங் மாஸ்டர் வந்தாரு. ரெண்டு பீஸையும் நீட்டறேன், என் கையில இருந்து வாங்கி, பக்கத்துல பண்டல் தூக்கற பையன், மீசை கூட மொளைக்கல, அவன்கிட்டக் காட்டி "ஏன்டா தம்பி, இது உனக்கு ஷேடாட்டவா தெரியுது?"ங்கறாரு. அந்தப் பையன் என்னையப் பாக்கறான், அவரப் பாக்கறான், வாயே தொறக்கல. மொத்த லைனும் மெஷின விட்டுட்டுப் பாக்குது. "அவன எதுக்குங்க கேக்கறீங்க, நிறுத்துனது நானு"ன்னேன். "மொதலாளி வரட்டும் அம்மணி, உங்ககிட்டப் பேசி என்னத்துக்கு ஆகுது"ன்னு பீஸத் தூக்கி டேபிள் மேல போட்டுட்டுப் போயிட்டாரு.

மொதலாளி வந்து ரெண்டையும் வெளிய வெயிலுக்குக் கொண்டு போயிப் பாத்தாரு. ஷேடுதான். மாஸ்டரத் தனியாக் கூப்புட்டுப் பேசுனாரு, எங்கிட்ட வந்து "நீ ஏம்மா மொதல்லயே எனக்கு போன் பண்ணல"ன்னு கேட்டாரு, அதோட சரி. சரக்கு கப்பல் ஏறிப் போயி பையர் திருப்பி அனுப்பிச்சிருந்தா என்ன ஆயிருக்கும், அதப்பத்தி ஒரு வார்த்தை கெடையாது. எங்க யூனிட்ல கைமடி, செக்கிங், டேமேஜ் பாக்கறது எல்லாம் பொம்பளைங்கதான், சிங்கர், ஓவர்லாக் தையல் மெஷின்லயும் பாதிக்கு மேல நாங்கதான், அந்தக் கட்டிங் டேபிளத் தாண்டி ஒரு பொம்பள கூட போகல. பணத்துக்குன்னா ஒன்றரை ஷிப்டு கூட ஓட்டீரலாம். அந்தப் பையன்கிட்டப் பீஸக் காட்டுனாரு பாருங்க, அதுக்கப்பறம் எதுக்குப் பாத்துப் பாத்துச் செய்யோணும்னுதான் தோணுது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்குதுங்களா?

கணபதி வைண்டிங்

நடக்குதுங்க அக்கா. நான் ஆம்பளதான், பக்கத்துல இருந்து பாத்ததச் சொல்றேன். எங்களது மோட்டார் கம்பெனி. மோட்டார்ல சுத்தாத பாகம் ஸ்டேட்டர், அதுல காப்பர் கம்பி எறக்கற வைண்டிங் வேலை முழுக்க பொம்பளைங்க, வெரல் நுனியெல்லாம் கீறிக் கெடக்கும். கடைசி ஒரு மணி நேரத்துல ரிஜெக்சன் ஏறும், ஸ்லாட் பேப்பர் கிழிஞ்சிரும், இல்லீன்னா கம்பி மேல இருக்கற எனாமல் உரிஞ்சு டெஸ்டிங்ல ஷார்ட் காட்டும். மேனேஜ்மெண்ட் இன்சென்டிவ்னு போர்டுல எழுதிப் போட்டாங்க. தீவாளிக்கு குக்கர் தர்றோம்னாங்க. ஒண்ணும் அசையல. "பொம்பளைங்களுக்கு அஞ்சு மணி ஆனா ஊட்டு நெனப்பு வந்துருது, அவங்கள மோட்டிவேட் பண்ண முடியாது"ன்னு மேனேஜர் மீட்டிங்லயே சொன்னாரு.

அப்பறம் வேற ஆள் கிடைக்கலன்னு அந்த செக்சன்லயே இருந்த ஒரு அக்காவுக்கு சார்ஜ் குடுத்தாங்க. அந்தக்கா மொத வாரமே மேனேஜர் டேபிள் முன்னாடி நின்னு, "ஆறு மணிக்கு விடறீங்க, பஸ்ஸு ஆறே காலுக்கு முன்னாடியே போயிருது, அடுத்தது ஏழுக்குத்தான், சோத்து நேரத்துல கால் மணி கொறைச்சுக்கறோம், அஞ்சே முக்காலுக்கு விட்ருங்க"ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதாங்க கேட்டது. குக்கரெல்லாம் கேக்கவே இல்ல. ரெண்டு நாள் இழுத்தடிச்சுட்டு விட்டாங்க. கடைசி மணி ரிஜெக்சன் தன்னால எறங்கிருச்சு. அத்தன வருசமா நாங்க பத்துப் பன்னெண்டு ஆம்பளைங்க மீட்டிங் போட்டோம், ஒருத்தருக்காவது பஸ்ஸு எத்தன மணிக்குன்னு தெரியாது. நாங்கெல்லாம் பைக்குல போறவங்க.

சரவணம்பட்டி

ஆம்பள பொம்பளன்னு பிரிக்கறதே எனக்கு ஒத்து வரல. எங்க டீம் லீடு மேடம்தான். என் வொய்ப்புக்கு பிரசவம், ஒரு வாரம் லீவு கேட்டேன். எல்லாரும் உக்காந்திருக்கற வீடியோ கால்ல கேமராவ ஆன் பண்ணி, "உங்க அம்மா இருக்காங்க, மாமியார் இருக்காங்க, நீங்க போயி அங்க என்ன பண்ணப் போறீங்க"ன்னு கேட்டாங்க. சிரிச்சாங்க, டீமும் சிரிச்சுது. குழந்தை பொறக்கறப்ப நான் லேப்டாப்போட ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்திருந்தேன். இதையே ஒரு ஆம்பள மேனேஜர் ஒரு லேடிகிட்டக் கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? என்னயக் கேட்டா லேடி பாஸ்தான் ரொம்ப கஷ்டம், நாங்களே இப்படித்தான மேல வந்தோம், நீயும் படுன்னு நெனைக்கறாங்க. கணபதி அண்ணா சொன்னதுல கூட, பஸ் டைமிங்க யாரு வேணா சரி பண்ணியிருக்கலாம், அதுல ஜெண்டர் எங்க வருது?

கோன் வைண்டிங்

சரவணம்பட்டி அண்ணா சொல்றதுல பாதி சரி. நான் அவினாசிப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லு ஹாஸ்டல்ல இருந்தவ. மூணு வருசம் முடிச்சா கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம்னு கூட்டிட்டுப் போவாங்களே, அந்த சுமங்கலி திட்டம். வார்டன் பொம்பளதான். ஊட்ல இருந்து போன் வந்தா ஸ்பீக்கர்ல போட்டு எதுத்தாப்புல நிக்கும். எங்கம்மா "நல்லா இருக்கியா சாமி"ன்னு கேக்கும், நான் பதில் சொல்றதுக்குள்ள அந்த வார்டன் என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கும். "நல்லாருக்கறேம்மா"ன்னுதான் சொல்லோணும். காச்சல்ல நிக்க முடியாம நின்னப்ப, என் மெஷின்ல அறுந்த நூலப் பூரா முடிஞ்சு விட்டு "ஓரமா உக்காரு கண்ணு, ஆபீசர் வந்தா நான் பேசிக்கறேன்"னு சொன்னது ஆம்பள மேஸ்திரி.

ஆனா அண்ணா, ஒண்ணு சொல்றேன். அந்த வார்டனுக்கு அந்தப் போனத் தவிர வேற எந்த அதிகாரமும் கெடையாது. எங்க சோறு நல்லால்லன்னா மாத்த முடியாது, டாக்டருகிட்ட அனுப்போணும்னா ஆபீஸ்ல கேக்கோணும். பாக்கற பார்வைய மட்டும் அதுகிட்டக் குடுத்துட்டு மத்ததெல்லாம் ஆபீஸ்காரங்க வச்சுட்டாங்க. அதனால அந்த வார்டன் மேல முழுசாத் தப்புச் சொல்லவும் முடியல, இப்ப வரைக்கும் மன்னிக்கவும் முடியல.

பெருந்துறை எச்ஆர்

என் கதை சின்னது. சிப்காட்ல ஒரு இண்டர்வியூ, பேனல்ல நானும் இருந்தேன், ஷிப்ட் இன்சார்ஜ் போஸ்ட்டுக்கு. வந்த பொண்ணு மெக்கானிக்கல் டிப்ளமா, கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக்னு பதில். கடைசியா ப்ளாண்ட் ஹெட் "கல்யாணம் எப்பங்க?"ன்னு கேட்டாரு. அதுக்கு முன்னாடி வந்த பையன்கிட்ட "அஞ்சு வருசத்துல எங்க இருப்பீங்க?"ன்னு கேட்டாரு. பையன்தான் செலக்ட் ஆனான்.

இனி எல்லாருக்கும் உபயோகமா சிலது சொல்றேன், யாரும் கேக்கல, ஆனாலும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. இத வெறும் மனக்கசப்புன்னு நெனைக்க வேண்டாம், நிறைய ஆராய்ச்சி நடந்த விஷயம். 1973-லயே வர்ஜீனியா ஷைன்னு ஒரு அம்மா, நல்ல மேனேஜருக்கு என்னென்ன குணம் இருக்கோணும்னு மேனேஜர்ககிட்டயே கேட்டு, ஆம்பளைன்னா மனசுல வர்ற குணமும் மேனேஜர்னா வர்ற குணமும் ஒண்ணா இருக்குன்னு காட்டுனாங்க. அதாவது அந்தக் கட்டிங் மாஸ்டர் பையன்கிட்டக் காட்டுனாரே, அது அவரு ஒருத்தரு குணம் மட்டும் இல்ல. சரவணம்பட்டி சாருக்கு: 2003-ல ஆலிஸ் ஈக்லியும் கூட ரெண்டு பேரும் 45 ஆய்வுகளச் சேத்துப் பாத்தப்ப, கூட வேலை பாக்கறவங்கள வளத்து விடறது, செஞ்சதுக்குப் பாராட்டறது இதுலெல்லாம் பெண் தலைவர்கதான் கொஞ்சம் மேல இருந்தாங்க. வித்தியாசம் சின்னதுதான், அதையும் அவங்களே சொல்லியிருக்காங்க. அதனால லேடி பாஸ்னாலே கஷ்டம்ங்கறது நிக்காது. உங்களுக்கு நடந்தது தப்பு, ஆனா அந்த மேடம் சொன்னதும் பிள்ளை பெக்கறது பொம்பள வேலைங்கற அதே பழைய நெனப்புல இருந்து வந்ததுதான். பிரைவேட்ல அப்பாவுக்கு லீவு குடுக்கோணும்னு சட்டமே இல்ல, சென்ட்ரல் கவர்மெண்ட் ஊழியருக்கு 15 நாள் உண்டு.

கணபதி அண்ணா சொன்னதுக்கும் ஆராய்ச்சி இருக்கு. 1959-ல ஹெர்ஸ்பெர்க்னு ஒரு உளவியல்காரர், அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் 200 இஞ்சினியர், அக்கவுண்டண்டுகளப் பேட்டி எடுத்து, சம்பளம், வேலை செய்யற எடம், சூப்பர்வைசர் நடத்தை இதெல்லாம் சரியில்லீன்னா மனசு கெட்டுப் போகும், செஞ்ச வேலைக்கு மதிப்பும் பொறுப்பும் கெடச்சாத்தான் உள்ளுக்குள்ள ஊக்கம் வரும்னு பிரிச்சுச் சொன்னாரு. அவரு கம்பெனி வைண்டிங் அக்கா பஸ்ஸ சரி பண்ணி மொதல்ல சொன்னத சரி பண்ணீட்டாங்க, பிச்சம்பாளையம் அக்காவுக்கு ரெண்டாவது கிடைக்கவே இல்ல. அப்பறம் சட்டம். பத்துப் பேரோ அதுக்கு மேலயோ இருந்தா, வேலை எடத்துல பாலியல் தொல்லையத் தடுக்கற 2013 சட்டப்படி உள்புகார் கமிட்டி கட்டாயம், தலைமை ஒரு சீனியர் பெண் ஊழியர்தான், மெம்பர்ல பாதிக்குக் கொறையாம பெண்கள். அம்பது பேர் இருந்தா 2017 திருத்தப்படி குழந்தைகள் காப்பகம் வேணும், மொத ரெண்டு குழந்தைக்குப் பிரசவ லீவு 26 வாரம். நைட் ஷிப்டுக்குப் பொம்பள ஆகாதுன்னு பொறுப்புக் குடுக்க மாட்டேங்கறாங்க பாருங்க, அந்தத் தடைய 2000-லயே மெட்ராஸ் ஹைகோர்ட் செல்லாதுன்னு சொல்லிருச்சு, பாதுகாப்பு ஏற்பாடு செய்யோணும்ங்கற நிபந்தனையோட. கடைசியா ஒண்ணு, கம்பெனி சரியத் தொடங்குறப்பப் பாத்து பெண்ண மேல ஏத்தறாங்கன்னு 2005-ல மிஷல் ரயன், அலெக்ஸ் ஹாஸ்லம்னு ரெண்டு பேரு பிரிட்டிஷ் கம்பெனிகள வச்சு எழுதுனாங்க, அதையும் நெனப்புல வச்சுக்கோங்க, திடீர்னு பெரிய பொறுப்பு வந்தா கம்பெனி கணக்குப் புக்ஸ வாங்கிப் பாருங்க.

சரவணம்பட்டி

இவ்வளவு படிச்சுட்டு எனக்கு நடந்தத ஒரே வரில ஓரங்கட்டிட்டீங்களே மேடம். கால்ல எல்லாரும் சிரிச்சப்ப என்கூட ஒரு ஆராய்ச்சியும் நிக்கல.

நொய்யல் கரை

எச்ஆர் மேடம் கடைசில சொன்னீங்க பாருங்க, அதப் படிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

எங்கப்பாது டையிங், சாயப்பட்டறை. 2011 ஜனவரில ஹைகோர்ட் ஆர்டர்ல திருப்பூர்ல இருக்கற டையிங் பூரா மூடுனாங்களே, கழிவுத் தண்ணி ஒரு சொட்டு வெளிய விடக் கூடாதுன்னு, அதுல நாங்களும். அப்பா மனசொடஞ்சு படுத்துட்டாரு. மூடிக் கெடந்த டையிங்கோட சாவிய எங்கிட்டக் குடுத்தாங்க. எனக்குத் தம்பி இருக்கான், எம்பிஏ. "அவன் எதுக்கு இதுல வந்து மாட்டோணும், நீ பாத்துக்க அம்மணி"ன்னாங்க. பொது சுத்திகரிப்பு நிலையத்துல எங்க பங்கு, பேங்க் கடன், ஆள் எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க, அவங்களத் திரும்பக் கூப்புடறது, பூரா நான்தான். டை மாஸ்டர் நல்ல மனுசன், சாயங்காலம் ஆனா "பொழுதாயிருச்சு, நீங்க ஊட்டுக்குப் போங்க அம்மணி, நாங்க பாத்துக்கறோம்"னு சொல்லுவாரு. பாசமாத்தான் சொன்னாரு. ஆனா நைட்டு நடக்கறது தெரியாம எப்படி ஒரு மொதலாளி நடத்தறது? பாய்லர் பக்கத்துல சேரப் போட்டு உக்காந்தேன். மெல்ல மெல்ல "ரெட்டு டார்க்கா வந்திருச்சுங்க, என்ன பண்ணலாம்"னு நேரா எங்கிட்டயே கேக்க ஆரம்பிச்சாங்க.

டையிங் நல்லா ஓட ஆரம்பிச்சது. ஆயுத பூஜை அன்னைக்கு அப்பா எல்லார் முன்னாடியும் பொரி, சுண்டல் குடுத்து முடிச்சுட்டு, "இனிமே தம்பி பாத்துக்குவான்"னாரு. எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை இல்ல. வேலை செய்யறவங்க எல்லாம் என்னையத்தான் பாத்தாங்க. டை மாஸ்டர் தலையக் குனிஞ்சுட்டாரு. நான் இப்ப அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், அதே ஆபீஸ்ல, தம்பி ரூமுக்கு வெளிய.

காரமடை

அக்கா, படிக்கவே முடியல. எங்க பக்கம் பஞ்சாயத்துலயும் இதே கதைதான். உள்ளாட்சில பொம்பளைங்களுக்கு 50 சதவீத எடம்னு 2016-லயே சட்டம் ஆயிருச்சு, எங்க ஊர்ல பிரசிடென்ட் அம்மா நின்னுட்டு இருந்துச்சு, அவங்க ஊட்டுக்காரர் சேர்ல உக்காந்து கையெழுத்து எங்கன்னாரு. இதே ஒன்றியத்துலதான் இயற்கை விவசாயம் பண்ணுன தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டி கவுன்சிலரா இருந்தாங்க, 2021-ல பத்மஸ்ரீ வாங்குனாங்களே, அவங்கதான். அவங்க சேர்ல வேற யாரும் உக்காந்ததாக் கேள்விப்பட்டதில்ல. சொந்தமா நெலமும் வருமானமும் இருந்தா ஒரு தைரியம்னு எனக்குத் தோணுது. நொய்யல் கரை அக்கா, பத்திரத்துல உங்க பேரு இருக்குதான்னு மொதல்ல பாருங்க.

பிச்சம்பாளையம் லைன்

கணபதி அண்ணா, நீங்க சொன்ன அந்த அஞ்சே முக்கால், மேனேஜ்மெண்ட் எப்படிங்க ஒத்துக்குச்சு? எங்க யூனிட்லயும் கேக்கலாம்னு இருக்கறோம்.

கணபதி வைண்டிங்

அந்தக்கா வாயில பேசல அக்கா. டெய்லி ப்ரொடக்சன் ஷீட்டு இருக்கும்ல, அதுல மணிக்கு மணி ரிஜெக்சன் எத்தனன்னு பேனால தனியா ஒரு வரிசை எழுதிட்டே வந்துச்சு, சார்ஜ் எடுக்கறதுக்கு முன்னாடி இருந்தே. ஷீட்டு எடுத்து வச்சப்ப மேனேஜருக்குப் பதில் இல்ல. சோத்து நேரம் அரை மணிக்குக் கீழ போகாமப் பாத்துக்கோங்க, சட்டத்துல அது வேணும். பொறுப்புக் குடுத்தா லெட்டரும் கேட்டு வாங்கிக்கோங்க, எங்க மேனேஜ்மெண்ட்ல அதுல ஏமாத்தறாங்க: அந்தக்காவுக்கு இன்னும் லெட்டர்ல "ஆக்டிங்", அதாவது தற்காலிகம்னுதான் இருக்கு, சம்பளம் பழைய வைண்டர் சம்பளம். அதுக்கு முன்னாடி இருந்த ஆம்பள இன்சார்ஜுக்குச் சேந்த மாசமே லெட்டர் குடுத்தாங்க. அடுத்த ஒப்பந்தப் பேச்சுல யூனியன்ல நாங்க மொதல்ல எடுக்கப் போறது இதத்தான், வைண்டிங்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு, அசெம்பிளி ஆம்பளைங்கள்ல இன்னும் நாலஞ்சு பேரு பாக்கி, திங்கக்கிழமை அவங்ககிட்டப் பேசறேன்.