காலை ஏறினாலே கே குறியீடு 5: திருநெல்வேலியில் ஆர்எம்3100 காந்தமானி

நெல்லை_சிக்னல்
பாளையங்கோட்டைக்கு வெளியே, மொட்டை மாடியில் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஆர்எம்3100 வைத்திருக்கிறேன். சைக்கிள் கவுண்ட் (ஒவ்வொரு அளவீட்டுக்கும் சென்சார் எண்ணும் அலைவுகள்) 200, கூடவே ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, ஒரு நிமிட சராசரி. மூன்று மணி நேரத்தில் எச் கூறு (புவிக் காந்தப் புலத்தின் கிடைமட்டப் பகுதி) எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, 300 அளவுகோலில் (300 நானோ டெஸ்லா மாறினால் 9) கே, அதாவது 0 முதல் 9 வரையிலான காந்தக் கலக்கக் குறியீடு, போடுகிறேன். உலக அளவிலான கே-யான கேபி 1 என்று இருக்கும் அமைதியான நாளில்கூட 8:30–11:30 கட்டத்தில் 55 நானோ டெஸ்லா ஏறி, கே 5 காட்டுகிறது. பிற்பகல் 3 மணிக்கு இன்னொரு சின்ன மேடு. மாலையில் திடீர் திடீரென 30 நானோ டெஸ்லா படிகள். சென்சார் கோளாறா?

காந்தமுள்
மூன்றுக்கும் மூன்று காரணம்.

காலை ஏற்றம் நிஜம். நீங்கள் இருப்பது காந்த நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். பகலில் சுமார் 105 கிமீ உயரத்தில் கிழக்கு நோக்கி ஓடும் எலெக்ட்ரோஜெட் மின்னோட்டம் எச்-ஐத் தூக்கும். உச்சம் 11 மணியை ஒட்டி வரும், 50 முதல் 100 வரை ஏறுவது சகஜம். சூரியனால் வரும் காந்தப் புயலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தியப் புவிகாந்த நிறுவனம் உங்களுக்குப் பக்கத்தில் உள்ள கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதே இதற்காகத்தான்.

3 மணி மேடு வெப்பம். எலெக்ட்ரோஜெட் அந்த நேரத்துக்கு இறங்கிவிடும், பெட்டியும் தளமும் அப்போதுதான் அதிகம் சூடாகியிருக்கும். பெட்டிக்குள் ஒரு எம்சிபி9808 வெப்பமானி வைத்து இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். மாலைப் படிகள் பெரும்பாலும் கீழே நிறுத்தும் பைக் அல்லது கார். தூரம் இரட்டித்தால் இந்தத் தொல்லை எட்டில் ஒரு பங்காகும். அதனால் வடிகட்டி எழுதுவதைவிட இடத்தை மாற்றுவது லாபம்.

கே-ஐப் பொறுத்தவரை, தினசரி ஏற்ற இறக்கத்தைக் கழித்த பிறகு மிஞ்சும் வீச்சுக்குத்தான் அட்டவணை. நீங்கள் கழிக்கவே இல்லை. ஆனால் கழித்தாலும் உங்கள் ஊரில் சரிவராது. எலெக்ட்ரோஜெட் ஒரு நாள் இருப்பதுபோல் மறுநாள் இருக்காது, அமைதி நாள் சராசரியைக் கழித்தபிறகும் 20–30 மிஞ்சும். கேபி-க்கு எடுக்கும் 13 நிலையங்களும் எலெக்ட்ரோஜெட்டுக்கு வெகு தொலைவில் உள்ளவை. அதோடு ஒப்பிடாதீர்கள். ஒப்பிட வேண்டியது டிஎஸ்டி அல்லது சிம்-எச் (காந்தப் புயலில் எச் எவ்வளவு இறங்குகிறது என்று காட்டும் உலகக் குறியீடுகள்).

ஈயப்பற்று
மொட்டை மாடி வேண்டவே வேண்டாம், தளம் முழுக்க இரும்புக் கம்பி. தோட்டத்தில் 80 செமீ முதல் 1 மீட்டர் ஆழக் குழி, 4 அங்குல பிவிசி குழாய், அடியில் மூடி ஒட்டியது. பகல் வெயிலின் ஏற்ற இறக்கம் அந்த ஆழத்துக்கு எட்டாது. திருகு எல்லாம் பித்தளை அல்லது நைலான். ஸ்டெயின்லெஸ் என்று கடையில் கொடுப்பதை காந்தத்தால் தொட்டுப் பார்க்காமல் போடாதீர்கள்.

பை-ஐ 10 மீட்டராவது தள்ளி வையுங்கள். அவ்வளவு நீளத்துக்கு வெறும் ஐ2சி (சென்சார் பேசும் குறுந்தூர இணைப்பு) ஓடாது, இரு முனையிலும் பிசிஏ9615 (ஐ2சி-யை நீள வயரில் அனுப்பும் சிப்) போட்டு கேட்5 வயரில் எடுங்கள். பவர் போவதும் திரும்புவதும் ஒரே முறுக்கு ஜோடியில் இருக்க வேண்டும். தனி வயரில் 100 மில்லி ஆம்பியர் ஓடினால் 1 மீட்டரில் 20 நானோ டெஸ்லா, அதாவது உங்கள் சிக்னலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

திசை வைக்க திசைகாட்டி தேவையில்லை. சென்சாரைத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஒய் அச்சு பூஜ்யமாகி எக்ஸ் நேர்க்குறியில் உச்சமாக நிற்கும் இடத்தில் எக்ஸ்தான் எச், சுமார் 40,000 நானோ டெஸ்லா. பிறகு குழாயைச் சுற்றி மண்ணை நன்றாகக் கெட்டிப்படுத்துங்கள். 0.1 டிகிரி திரும்பினால் ஒய்-இல் 70 நானோ டெஸ்லா காணும். ஒரு டிகிரி வடக்கு-தெற்காகச் சாய்ந்தால் இசட் (செங்குத்து அச்சு) 700 ஓடிவிடும், எச் சில நானோ டெஸ்லாதான் நகரும். ஆக, மழைக்காலத்தில் எச் அசையாமல் இசட் மட்டும் மெல்ல நகர்ந்தால், குழாய் சாய்கிறது என்று அர்த்தம்.

சைக்கிள் கவுண்ட் 200-இல் சென்சார் காட்டும் மிகச் சிறிய மாற்றம் 13 நானோ டெஸ்லா, இரைச்சலும் ஏறக்குறைய அதே அளவு. நொடிக்கு ஒரு ரீடிங் போதாது. நொடிக்கு 30–40 எடுத்துச் சராசரி போடுங்கள்.

நெல்லை_சிக்னல்
நன்றி. அப்படியானால் புயல் வந்ததை உடனே கண்டுபிடிக்க எதை வைத்து அலாரம் அடிக்க?

காந்தமுள்
ஐந்து நிமிட மாற்றம். காலை ஏற்றம் 3 மணி நேரத்துக்கு 55 என்றால் ஐந்து நிமிடத்துக்கு 1.5-தான். புயலின் திடீர்த் தொடக்கம் சில நிமிடங்களில் சில பத்து நானோ டெஸ்லா எச்-ஐ உயர்த்தும். 15-ஐ வரம்பாக வைத்துத் தொடங்குங்கள். வாகனம் வந்தால் மாற்றம் படிபோல இருக்கும், ஒய், இசட் அச்சுகளும் கூடவே குதிக்கும். சந்தேகம் என்றால் அதே நிமிடத்தில் ஹைதராபாத், அலிபாக் (மகாராஷ்டிரா) காந்த ஆய்வுக்கூடங்களின் தரவைப் பாருங்கள், திடீர்த் தொடக்கம் உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே நேரத்தில் பதிவாகும். அதற்காகவே நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) வையுங்கள், என்டிபி (இணையம் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்வது) ஓடுகிறதா என்று பாருங்கள். இந்திய நேரத்தை கலந்தால் ஐந்தரை மணி நேரக் குழப்பம்.

நிரலைச் சோதிக்க 2024 மே 10 தரவு எடுங்கள். தொடக்கம் 17:05 யுடிசி, நமக்கு இரவு 10:35. எலெக்ட்ரோஜெட் இல்லாத நேரம், அதனால் கோடு சுத்தமாக இருக்கும். மறுநாள் டிஎஸ்டி -400 நானோ டெஸ்லாவுக்குக் கீழே போனது.

பிற்பகலில் எச் இரவு மட்டத்துக்குக் கீழே 20–30 இறங்கினால் பதறாதீர்கள். எதிர் எலெக்ட்ரோஜெட்டாக இருக்கலாம், அன்று மின்னோட்டம் மேற்கே திரும்பியிருக்கும். எலெக்ட்ரோஜெட்டுக்கு வெளியே இருக்கும் அலிபாக்கில் அந்த இறக்கம் இருக்காது. உங்கள் எச்-இல் இருந்து அலிபாக் எச்-ஐ, இரண்டிலும் இரவு மட்டத்தைக் கழித்துவிட்டு, கழித்தால் கிடைப்பது எலெக்ட்ரோஜெட்டின் வலு. கே போடுவதைவிட அந்தக் கோட்டை வெளியிடுங்கள், உங்கள் ஊரில் இருந்து அதற்குத்தான் மதிப்பு.