இன்கியூபேட்டரில் குவாண்டம் ஸ்டார்ட்அப்: அடுத்த கட்டத்துக்கு எப்படிப் போறது?

கேள்வி: நல்லூர்_கியூபிட்

வணக்கம். நாங்கள் மூன்று பேர், யாழ்ப்பாணத்தில ஒரு இன்கியூபேட்டரில இருக்கிறம். டெலிவரி வாகனங்களுக்குப் பாதை போட்டுக் குடுக்கிற மென்பொருள், உள்ளுக்குள்ள கியூஏஓஏ (QAOA), அதாவது கன தெரிவுகளுக்குள்ள நல்லதைத் தேடுற ஒரு குவாண்டம் வழிமுறை. டவுனிலயிருந்து பருத்தித்துறை வரைக்கும் 12 கடைக்கு ஒரு வானை அனுப்புற கணக்கை மாதிரியா எடுத்திருக்கிறம்.

உண்மையான குவாண்டம் இயந்திரத்தில ஓட்ட எவ்வளவு காசு ஒதுக்கவேணும்? இந்தப் பொருளோடயே முதலீட்டாளரிட்டப் போகலாமோ, இல்லாட்டி முதல்ல வேற ஏதும் விக்கலாமோ? ரொறன்ரோவில இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் காசு போட வாறார். கம்பனியை இங்க பதியிறதோ, சிங்கப்பூரிலயோ?

பதில்: அலைச்சார்பு

காசுக்கு முதல் கேட் கணக்கைப் பாருங்கோ (கேட் எண்டால் கியூபிட்டில, அதாவது குவாண்டம் பிட்டில, செய்யிற ஒரு அடிப்படைச் செயல்). எந்தக் கடை எத்தனையாவது நிறுத்தம் எண்டு குறிக்க 12×12, அதாவது 144 கியூபிட் வேணும். ஒரு கடைக்கு ஒரு இடம், ஒரு இடத்துக்கு ஒரு கடை எண்ட கட்டுப்பாட்டுக்கு மட்டும் 1,584 கியூபிட் சோடி. தூரத்துக்கு இன்னும் 1,452. சோடிக்கு இரண்டு இரு-கியூபிட் கேட் எண்டால் கியூஏஓஏயின்ர ஒரேயொரு அடுக்குக்கே (கேட்டுகளின்ர ஒரு முழுத் தொகுதிக்கே) 6,000க்கு மேல போகுது. அதுவும் எல்லாக் கியூபிட்டும் ஒண்டோடொண்டு நேரடித் தொடுப்பில இருந்தால்தான். ஐபிஎம்மின்ர கன சிப்பில ஒரு கியூபிட்டுக்குப் பக்கத்தில இரண்டு மூன்றோடதான் தொடுப்பு, மிச்சத்துக்கு இடம் மாத்துற ஸ்வொப் கேட் போட்டு இன்னும் கூடும். ஒரு கேட் 99.7% சரியா வேலை செய்யுது எண்டு வையுங்கோ. 6,000 கேட்டுக்கு அதைப் பெருக்கினால் 10 கோடி ஓட்டத்தில ஒண்டோ இரண்டோதான் பிழையில்லாமல் வரும்.

இதே 12 கடைக்குச் சரியான விடையே வேணுமெண்டால் டைனமிக் புரோகிராமிங்கில (சின்னக் கணக்குகளின்ர விடையைச் சேமிச்சுப் பெரிசைக் கட்டுற சாதாரணக் கணினி முறையில) சுமார் 6 லட்சம் படி. லப்டொப்புக்கு அது ஒரு செக்கனும் வராது. நூறு கடையெண்டால் கூகிளின்ர ஓஆர்-டூல்ஸ் எண்ட மென்பொருள் நல்ல பாதையை இலவசமாத் தரும். முதலீட்டாளர் கூட்டிக்கொண்டு வாற நிபுணர் முதல் கேக்கப்போறது இதைத்தான். அந்த ஒப்பீட்டு அட்டவணை உங்கட கையில ஆயத்தமா இருக்கவேணும், குவாண்டம் தோக்கிற வரிசையும் அதில மறைக்காமல் இருக்கவேணும்.

இனி காசு. ஐபிஎம்மில திறந்த திட்டத்துக்கு மாதம் 10 நிமிசம் இலவசம், அதுக்கு மேல பாவிக்கிறதுக்கு ஏத்த மாதிரிக் கட்டுற திட்டத்தில நிமிசத்துக்கு 96 டொலர். குவாண்டம் இயந்திரங்களை வாடகைக்குத் தாற அமேசன் பிராக்கெட்டில ஒவ்வொரு டாஸ்குக்கும் (அனுப்புற ஒரு வேலைக்கும்) 30 சதம், அதோட ஷொட்டுக்கு (கணக்கை ஒருக்கா ஓட்டுறதுக்கு) ஒரு விலை. அதில இருக்கிற அயன்கியூ ஃபோர்ட்டே இயந்திரத்துக்கு ஷொட் 8 சதம் எண்டு போட்டிருந்தினம். (விலை மாறும், ஓட்ட முதல் பாருங்கோ.) 1,000 ஷொட்டுக்கு 80 டொலர் 30 சதம். கியூஏஓஏ அளவுருவை (கேட்டுகளைச் சரிப்படுத்துற எண்களை) தேடி 100 சுற்றுப் போனால் 8,030 டொலர். சத்தத்தை, அதாவது இயந்திரப் பிழையின்ர தாக்கத்தை, குறைக்க பூச்சிய-இரைச்சல் நீட்டிப்பும் (வேணுமெண்டே பிழையைக் கூட்டி ஓட்டி, பிழை இல்லாட்டி வாற விடையைக் கணிக்கிறது) மூன்று மட்டத்தில செய்தால் அதை மும்மடங்கு ஆக்குங்கோ. கனபேர் தேடலையே இயந்திரத்தில ஓட விட்டுத்தான் காசைக் கரைக்கினம்.

அளவுருத் தேடலைச் சிமுலேட்டரில, அதாவது சாதாரணக் கணினியில குவாண்டம் இயந்திரத்தைப் போல நடிக்கிற மென்பொருளில, முடியுங்கோ. நினைவக அளவு 2இன் அடுக்கில ஏறும்: 28 கியூபிட்டுக்கு 4 ஜிபி, 30க்கு 16, 33க்கு 128. 16 ஜிபி லப்டொப்பில 28 வரை பயமில்லாமல் போகலாம், ஒற்றைத் துல்லியத்துக்கு (ஒவ்வொரு எண்ணுக்கும் பாதி நினைவகம்) மாத்தினால் 30ஐயும் தொடலாம். 5 கடை, 25 கியூபிட் கணக்கில அளவுருவைக் கண்டுபிடிச்சு, அதை இயந்திரத்தில ஒருக்கா மட்டும் ஓட்டினால் ஐபிஎம்மின்ர இலவச நிமிசமே காணும்.

பதில்: சாவி_மாற்று

இரண்டாவது கேள்விக்கு என் அபிப்பிராயம் தெளிவானது: முதல் வருமானத்தைக் குவாண்டம்-எதிர்ப்புக் குறியாக்கத்தில், அதாவது குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாதபடி வடிவமைத்த குறியாக்கத்தில், தேடுங்கள். அதற்குக் குவாண்டம் இயந்திரமே தேவையில்லை. வாங்குபவரிடம் காலக்கெடுவும் இருக்கிறது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2024 ஓகஸ்டில் ஃபிப்ஸ் 203, 204, 205 என இதற்கான மூன்று தரங்களை வெளியிட்டது. இன்று பாவனையில் உள்ள ஆர்எஸ்ஏ, நீள்வட்ட வளைவு என்ற குறியாக்க முறைகளை 2035க்குப் பிறகு அனுமதிப்பதில்லை என்பது அதன் வரைவுத் திட்டம். இன்று பதிவு செய்துவைத்த இணையப் போக்குவரத்தை நாளை குவாண்டம் கணினியால் உடைக்கலாம் என்பதால், பத்து வருடம் ரகசியமாக இருக்கவேண்டிய தரவு வைத்திருப்பவர்களுக்கு இது இப்போதைய பிரச்சினை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஐரோப்பாவுக்கு மென்பொருள் செய்யும் கம்பனிகளின் கதவை முதலில் தட்டுங்கள். அவர்களது வாடிக்கையாளர்கள் இதைக் கேட்கத் தொடங்கினால் அவர்களுக்குப் பக்கத்திலேயே ஆள் வேண்டும்.

விற்கும் பொருள் முதலில் ஒரு கணக்கெடுப்பு: டிஎல்எஸ் (இணைய இணைப்பைக் காக்கும் முறை), விபிஎன், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சேர்வருக்குள் நுழையும் வழி), மென்பொருள் கையொப்பம், ஜேடபிள்யூடி டோக்கன் (உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் சீட்டு), காப்புப்பிரதி என்று எங்கே எந்தக் குறியாக்கச் சாவி, எத்தனை பிட், எப்போது காலாவதி என்ற பட்டியல். பிறகு சாவிப் பரிமாற்றத்தை (இரு பக்கமும் ஒரு ரகசியச் சாவியை ஒத்துக்கொள்ளும் படியை) மட்டும் மாற்றுங்கள். டிஎல்எஸ் நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் 3.5இல் எம்எல்-கெம் (ஃபிப்ஸ் 203இன் சாவி முறை) உள்ளேயே வருகிறது, இப்போதுள்ள எக்ஸ்25519 முறையுடன் சேர்த்த கலப்பு முறையைப் போடலாம். எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச் 10.0 அதையே இயல்புநிலையாக வைத்திருக்கிறது. இதே முறைகள் உள்ள லிப்ஓகியூஎஸ் நூலகத்தைப் பரிசோதனையோடு நிறுத்துங்கள். உற்பத்திச் சூழலுக்குப் பரிந்துரைக்கவில்லை என்று அதை எழுதியவர்களே சொல்கிறார்கள்.

மாற்றும்போது இணைப்பு உடைவது பெரும்பாலும் சாவியின் அளவினால். எக்ஸ்25519 சாவி 32 பைட். கலப்பு முறையில் கிளையன்ட் அனுப்புவது 1,216 பைட். மற்ற நீட்சிகளும் சேர்ந்தால் முதல் செய்தி 1,500 பைட் பொதிக்குள் அடங்காமல் இரண்டாகப் பிரியலாம். முழுச் செய்தியும் ஒரே பொதியில் வரும் என்று நம்பி எழுதிய பழைய ஃபயர்வோல்கள் இணைப்பைப் பேசாமல் அறுத்துவிடும். சேர்வர் பதிவேட்டில் ஒன்றுமே இருக்காது, பயனாளிக்கு வெறும் டைம்அவுட். ஆகவே மாற்ற முன்னர் வாடிக்கையாளரின் ஒவ்வொரு கிளையிலிருந்தும், பொதிகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் இதைப் பரிசோதியுங்கள். கையொப்பத்தை இப்போது தொடவேண்டாம்: ஃபிப்ஸ் 204இன் எம்எல்-டிஎஸ்ஏ-65 கையொப்பம் ஒன்று 3,309 பைட், இப்போதுள்ள ஈசிடிஎஸ்ஏ 64தான். சான்றிதழ்ச் சங்கிலி முழுதும் வீங்கும்.

குவாண்டம் இயந்திரத்தையே செய்யும் வழியும் உண்டு. அப்படிச் செய்யும் ரிகெட்டி கம்பனி 2014இல் ஸ்டார்ட்அப்புகளை வளர்க்கும் அமெரிக்க வை கொம்பினேட்டரில் சேர்ந்து, 2022இல் நஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. இடையில் 10 மில்லிகெல்வின் அளவுக்குக் குளிராக்கும் குளிரூட்டிகளும் சொந்தச் சிப் ஆலையும் வேண்டியிருந்தன. அந்த மூலதனம் இங்கே கிடைக்காது. ரொறன்ரோவின் சனாடு கம்பனி ஒளிச் சிப்போடு, குவாண்டம் நிரல் எழுதும் பென்னிலேன் மென்பொருளை இலவசமாக விட்டு ஆட்களைச் சேர்த்தது. அந்த மென்பொருள் பாதியை யாழ்ப்பாணத்திலும் செய்யலாம்.

பதில்: கந்தர்மடம்

கம்பனி விசயத்தில, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்துக்குக் கீழ இங்க ஒரு தனியார் கம்பனியைப் பதியுங்கோ. இணையத்திலயே செய்யலாம், கம்பனிச் செயலாளர் ஒருவர் கட்டாயம்.

ரொறன்ரோக் காசு உங்கட சேமிப்புக் கணக்குக்கு வரவே கூடாது. அவர் தன்ர பெயரில இங்க வங்கியில உள்முக முதலீட்டுக் கணக்குத் திறந்து, அதுக்குள்ளால பங்குக்குக் காசு கட்டவேணும். அப்பதான் லாபப்பங்கையும் பங்கை வித்த காசையும் பிறகு அவர் வெளியில கொண்டுபோகலாம். சொந்தக்காரர்தானே எண்டு மற்ற வழியால அனுப்பினால், இரண்டாவது முதலீட்டாளரின்ர வக்கீல் ஆவணத்தைப் பாக்கேக்க அந்தப் பங்கு சிக்கும்.

சிங்கப்பூர்க் கம்பனி வெளி முதலீட்டாளர் கேட்டால் மட்டும். இலங்கையில வதியிற நீங்கள் வெளிநாட்டுப் பங்கு வைச்சிருக்கிறதுக்கும் 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் வரும். பதிஞ்சிட்டு வங்கிக்குப் போறதில்லை, வங்கியில கதைச்சிட்டுத்தான் பதியிறது.

மூன்று பேரின்ர பங்கும் நாலு வருசத்தில படிப்படியாச் சேரவேணும், முதல் வருசம் முடியாமல் ஒருவருக்கும் ஒண்டுமில்லை எண்டு எழுதுங்கோ. இறுதியாண்டுத் திட்டத்தில எழுதின கோட் உள்ளுக்குக் கிடந்தால் பல்கலைக்கழகத்திட்ட உரிமைக் கடிதம் இப்பவே வாங்குங்கோ. அடுத்த இன்கியூபேட்டர் பாக்கேக்க பங்கு விகிதத்தையும் பாருங்கோ: வை கொம்பினேட்டர் 125,000 டொலருக்கு 7% எடுக்கும். ரொறன்ரோவின்ர கிரியேட்டிவ் டிஸ்ட்ரக்சன் லாப் எண்ட திட்டம் பங்கு எடுக்காது, குவாண்டத்துக்குத் தனிப் பிரிவும் இருக்கு. ஆனா ஒவ்வொரு அமர்விலயும் மூன்று இலக்குத் தருவினம், உங்களோட நேரம் செலவழிக்க ஒரு வழிகாட்டியும் முன்வராட்டி அதோட சரி.

நல்லூர்_கியூபிட்

மூன்று பேருக்கும் நன்றி. அப்ப டெமோ நாளில என்னத்தைக் காட்டுறது?

பதில்: சாவி_மாற்று

இரண்டு லப்டொப், நடுவில் ஒரு பழைய ஃபயர்வோல். சாதாரண டிஎல்எஸ் இணைப்புப் போகட்டும், கலப்பு முறையில் அதே இணைப்பு அறுபடட்டும். பிறகு உங்கள் பரிசோதனைக் கருவி அந்த ஃபயர்வோலைப் பெயர் சொல்லிக் காட்டட்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். அலைச்சார்பு சொன்ன அட்டவணையை ஒரு பக்கத்தில் அச்சடித்து வைத்திருங்கள், பாதைக் கணக்கைப் பற்றிக் கேட்டால் கையில் கொடுக்கலாம்.